தெருமுக்கை மறைக்கும் வண்டி

கேள்வி: கம்பத்தில் பிரதான சாலையும் ஒரு தெருவும் சேரும் முக்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க எங்கள் கடையோரத்திலிருந்து எதிர்ப்புறம் வரை வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். எங்கள் பொலிரோவை என் கணவர் அந்த முக்கிலேயே நிறுத்துகிறார். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்களும் அங்கேதான் நிற்கின்றன. போன மாதம் ஒரு சிறுமி ஜீப்பின் மறைவிலிருந்து சாலையில் கால் வைத்தபோது, வந்த பைக் மயிரிழையில் ஒதுங்கிப் போனது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ‘நம் கடை வாசலில் நிறுத்த யாரைக் கேட்க வேண்டும்?’ என்கிறார் கணவர். அதே மாதம் குமுளியில் உறவினர் வீட்டுக்குப் போனபோது தெருமுனையில் நிறுத்தியதற்கு 500 ரூபாய் அபராதம் வந்தது. அங்கே தடைப் பலகை எதுவும் இல்லை. கேரளத்தில் சட்டம் வேறா? கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி, அங்கே 20 அடி தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்கிறான். நமக்கு எத்தனை அடி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கம்பம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எல்லை மாவட்டங்களில் மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சிறுமிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகும் உங்களுக்கு நிம்மதி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வராமல் இருப்பதே சரி. அந்த முக்கில் இன்னும் எதுவும் மாறவில்லை.

முதலில் குமுளி விஷயம். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. அதன்கீழ் 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளும் அப்படியே. சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து முன்னும் பின்னும் 50 மீட்டருக்குள் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. நடைபாதையிலும், பாதசாரிகள் கடக்கும் கோட்டின் மேலும் கூடாது. பஸ் நிறுத்தம், பள்ளி வாசல், மருத்துவமனை வாசல் இவற்றின் அருகிலும் கூடாது. இதற்குப் பலகை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முக்கு என்பதே தடைதான். ‘பலகை இல்லையே’ என்று வாதாடியவர்களை என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பலகை வேண்டியது மற்ற இடங்களுக்கு. ‘தமிழ்நாட்டு வண்டி என்பதால் பிடித்தார்கள்’ என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராக்கள் வழியாகவே அபராதச் சீட்டு போகிறது. தவறான நிறுத்தத்தைப் பிடிப்பதற்கென்றே சில கேமராக்கள் இருக்கின்றன. கேமராவுக்கு வண்டியின் ஊர் முக்கியமில்லை. அபராதத்தைப் பரிவாகன் இணையதளத்தில் கட்டி முடித்துவிடுங்கள்.

1989-இல் வந்த பழைய சாலை விதிகளில் ‘சந்திப்பின் அருகில்’ என்று மட்டும்தான் இருந்தது. அருகில் என்றால் எவ்வளவு அருகில் என்று நடுச்சாலையில் எங்களோடு சண்டை போடுவார்கள். ஒருவருக்கு அருகில் என்றால் இரண்டு அடி, இன்னொருவருக்கு இருபது அடி. 2017-இல் 50 என்ற எண் வந்தபோது அந்தச் சண்டைக்கு முடிவு கிடைத்தது என்று மகிழ்ந்தவன் நான்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. ‘நம் கடை வாசல்’ என்கிறார். பட்டா கடைச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வாய்க்காலும் சாலையோரமும் பொது இடம். பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ உண்டாகும்படி வண்டியை விட்டுவைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு தடுக்கிறது. 177-ஆம் பிரிவின்படி முதல் தடவை 500 ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 1500 ரூபாய் வரையும் அபராதம். வண்டியை இழுத்துச் செல்லவும் காவல் துறைக்கு 127-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவு, பொது வழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினால் 5000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இன்னொன்றையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். நிற்கும் வண்டிதானே, அதற்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. அசையாமல் கிடக்கும் வண்டியும் ‘பயன்பாட்டில்’ இருப்பதாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே ஒரு டேங்கர் லாரி வழக்கில் சொல்லிவிட்டது. நாளை ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், இழப்பீட்டு வழக்கில் உங்கள் பொலிரோவின் பெயரும் வரக்கூடும்.

சட்டத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அபராதத்துக்குப் பயந்து வண்டியை எடுப்பவர், காவலர் இல்லாத நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். முக்கில் நிற்கும் வண்டி என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்தவர்தான் நிறுத்தமாட்டார்.

நான் பணியில் இருந்தபோது நடந்தது ஒன்று. ஊர்ப்பெயர் வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பையன். காலை எட்டே முக்கால் மணி. வரிக்கோட்டில் மினி லாரி மோதித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. விபத்துக்குள்ளான வண்டியைப் பரிசோதித்துச் சான்று தருவது எங்கள் வேலை. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்தது. ஸ்டியரிங்கில் ஆட்டமில்லை. டயர்கள் புதிது. ‘இயந்திரக் கோளாறு காரணமன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஓட்டுநர் குடித்திருக்கவில்லை, வேகமும் அதிகமில்லை. ‘ஐயா, பையன் எங்கேயிருந்து வந்தான் என்றே தெரியவில்லை’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலை அந்த இடத்துக்கு நானாகவே போனேன். கோட்டை ஒட்டினாற்போல் சரக்கு வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தினமும் அங்கேதான் நிற்குமாம். முந்தின நாளும் நின்றதாம். பையன் அதன் முன்னாலிருந்துதான் இறங்கியிருக்கிறான். அந்த வேனில் ஒரு கீறல்கூட இல்லை. நான் நிரப்பிய படிவத்தில் அந்த வேனைப் பற்றி எழுத ஒரு கட்டம்கூட இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுபவர் ஒன்றைக் கண்டு, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகிறது. அதற்குள் 16 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 9, 10 மீட்டர். ஆக மொத்தம் 25 மீட்டருக்குக் குறையாது. சாரல் விழுந்த சாலையில் இன்னும் கூடும். சாலை அமைக்கும் பொறியாளர்கள் முன்னெச்சரிக்கையாக இன்னும் தாராளமாகக் கணக்கிடுவார்கள். 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர் தூரம் பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு. சட்டத்தின் 50 மீட்டரை இதோடு வைத்துப் பாருங்கள், அது ஒன்றும் அதிகப்படியாகத் தோன்றாது.

இப்போது கோட்டுக்கு முன்னால் ஒரு ஜீப் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மறைவிலிருந்து பிள்ளையின் தலை தெரியும்போது, வருகிற பைக் 10 மீட்டரில் இருக்கிறது. பத்து மீட்டர் என்பது ஒரு நொடிக்கும் குறைவு. பைக்காரரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சிறுமி பிழைத்தது பைக்காரரின் திறமையாலும் இருக்கலாம், அவள் ஓர் அடி பின்வாங்கியதாலும் இருக்கலாம். பிரேக்கினால் இல்லை. ஜீப் அங்கே இல்லையென்றால், கோட்டருகே நிற்கும் பிள்ளையை 40 மீட்டரிலிருந்தே பார்த்து அவர் நிதானமாக நின்றிருப்பார்.

கோட்டைக் கடந்து நிற்கும் வண்டியைவிடக் கோட்டுக்கு முன்னால், அதாவது வண்டிகள் வருகிற பக்கத்தில் நிற்கும் வண்டியே அதிகக் கேடு. நாம் இடதுபுறம் செல்பவர்கள். இடது ஓரத்திலிருந்து இறங்கும் பிள்ளையை மறைப்பது அந்த வண்டிதான். உங்கள் தம்பி சொன்ன கலிபோர்னியச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே. கடக்கும் இடத்துக்கு முன்னால், வண்டி வரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. 2025 ஜனவரி முதல் அதற்கு அங்கே அபராதம் போடுகிறார்கள். தெருமுக்கை இப்படித் திறந்து வைப்பதை ‘பகல் வெளிச்சம் காட்டுவது’ என்று பொருள்படும் சொல்லால் அங்கே குறிப்பிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் ஹோபோக்கன் என்று ஒரு நகரம். மக்கள்தொகை சுமார் 60,000. 2011 கணக்கெடுப்பில் கம்பத்தின் மக்கள்தொகை 68,000, ஆகவே கிட்டத்தட்ட நம் ஊர் அளவுதான். அங்கே தெருவைச் செப்பனிடும்போதெல்லாம் முக்கில் வண்டி நிற்க முடியாதபடி கம்பங்களும் செடித்தொட்டிகளும் சைக்கிள் நிறுத்தும் சட்டங்களும் வைத்தார்கள். வேக வரம்பையும் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

தெருவிலிருந்து பிரதான சாலைக்கு வருபவரையும் மறந்துவிடாதீர்கள். முக்கில் பொலிரோ நின்றால் அவருக்கு வலதுபுறமோ இடதுபுறமோ எதுவும் தெரியாது. காரில் ஓட்டுநரின் கண் முன் பம்பருக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் பின்னால் இருக்கிறது. எட்டிப் பார்க்க வேண்டுமானால் அவர் முதலில் வண்டியின் மூக்கைச் சாலைக்குள் நீட்டியாக வேண்டும். வருகிற பஸ்ஸுக்கு அந்த மூக்குதான் முதலில் தெரியும்.

இதையெல்லாம் கணவரிடம் வாயால் சொல்ல வேண்டாம். பள்ளி விடும் நேரத்துக்கு முன் ஒருநாள், பொலிரோ வழக்கமான இடத்தில் நிற்கும்போது, வெள்ளைக் கோட்டின் தொடக்கத்தில் சாலைக்கு இந்தப்புறமாக ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்தால் அவர் கண் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் தலை உயரத்துக்கு வந்துவிடும். வருகிற வண்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பானெட்டின் ஓரமும் சக்கரமும் கண்ணாடியும்தான் அவருக்குத் தெரியும். வண்டியின் சத்தம் கேட்கும், வண்டி தெரியாது. பிறகு பொலிரோவைப் பத்து மீட்டர் பின்னால் எடுத்துவிட்டு அதே டின்னில் மறுபடி உட்காரச் சொல்லுங்கள். அலுவலகத்துக்கு வந்து கோபமாகப் பேசிய சிலரை நான் இப்படி உட்கார வைத்திருக்கிறேன். எழுந்தபிறகு யாரும் என்னோடு வாதாடவில்லை.

எத்தனை அடி என்று கேட்டீர்கள். சட்டப்படி 50 மீட்டர், அதாவது 160 அடிக்கு மேல். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கம்பத்தின் உள்தெருக்கள் எனக்குத் தெரியும். சில தெருக்களில் ஒரு முக்குக்கும் அடுத்த முக்குக்கும் நடுவே 50 மீட்டரே இருக்காது. எங்கே போய் நிறுத்துவது என்று நீங்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முழுத் தூரத்தையும் கடைப்பிடிக்க நகராட்சி வண்டி நிறுத்த இடம் ஒதுக்கித்தர வேண்டும், அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரைக்கும் நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியது, முக்கையும் கோட்டையும் ஒட்டிய முதல் பத்து மீட்டரை முழுக்கக் காலியாக வைப்பது. உயிரைக் காப்பது முதலில் அந்தப் பத்து மீட்டர்தான். கடையில் சாக்குக் கட்டும் கயிறு இருக்குமே, அதில் அளந்து தரையில் ஒரு சுண்ணாம்புக் குறி போட்டுவிடுங்கள்.

அந்த இடத்தில் வண்டி மட்டும் இல்லாமல் இருந்தால் போதாது. கடைக்கு வெளியே குளிர்பானப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கிறீர்களா, விளம்பரத் தட்டியை முக்கில் நிறுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுக்கிய வெங்காய மூட்டைகளும் பிள்ளையை மறைக்கும். சரக்கு இறக்குவதைப் பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ வைத்துக்கொண்டு, தெருவுக்குள் தள்ளி நிறுத்தி இறக்குங்கள். திராட்சைப் பெட்டி ஏற்ற வரும் மினி லாரிக்காரர்களிடமும் இதையே சொல்லலாம். ‘நான்கு இண்டிகேட்டரையும் போட்டிருக்கிறேன், இரண்டே நிமிடம்’ என்பார்கள். விளக்கு மினுக்கினாலும் வண்டிக்குப் பின்னால் இருப்பது தெரியப்போவதில்லை. அந்தச் சிறுமி இறங்கியதும் இரண்டு நிமிடத்துக்குள்தான்.

தோட்டத்து ஜீப் ஓட்டுநர்கள் பொல்லாதவர்கள் இல்லை. இருட்டோடு கிளம்பி மலையேறி, வண்டன்மேடு பக்கமோ நெடுங்கண்டம் பக்கமோ ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள். தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு ஒரு அடையாள இடம் வேண்டும், விடியுமுன் வெளிச்சம் வேண்டும். உங்கள் கடை விளக்கு அதற்குத்தான் பயன்படுகிறது என்று நினைக்கிறேன். விளக்குக் கம்பம் உள்ள, முக்கிலிருந்து தள்ளிய வேறோர் இடத்தை நீங்களே பார்த்து வையுங்கள். அந்தப் பெண்களிடம் முதலில் பேசுங்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் மூன்று மணி நேரம் கழித்து அதே கோட்டில் கடக்கப்போகிறார்கள். ஆட்கள் இடம் மாறி நின்றால் ஜீப்பும் மாறி நிற்கும். வெறுமனே ‘இங்கே நிறுத்தாதே’ என்றால் ஒரு வாரம் கேட்பார்கள், பிறகு பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

மனு ஒன்றும் எழுத வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியாகப் போகும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே உங்கள் பிரதான சாலையானால், கோடு போடுவதும் பலகை வைப்பதும் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. தெரு நகராட்சியுடையது. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். எல்லாத் துறையும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். நகலைப் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் நகராட்சி ஆணையருக்கும் கொடுங்கள். ‘நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று மொட்டையாக முடிக்காதீர்கள். தேய்ந்த கோட்டைப் புதுப்பிக்க வேண்டும், முக்கின் இருபுறமும் பத்து மீட்டருக்கு வண்டி ஏற முடியாதபடி இடுப்பளவுக் கம்பங்கள் நட வேண்டும், ஆள் ஏற்றும் ஜீப்களுக்குத் தனி இடம் குறிக்க வேண்டும் என்று இந்த மூன்றையும் எழுதுங்கள். கம்பம் மெலிந்ததாக இருக்கட்டும், அகலத் தூணோ உயரமான செடியோ வைத்தால் அதுவும் மறைக்கும். எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து எடுத்த புகைப்படம் ஒன்றையும், சாலையில் வரும் ஓட்டுநரின் பக்கமிருந்து எடுத்த ஒன்றையும் இணையுங்கள். நான் படித்த மனுக்களில் படம் இணைத்தவை சீக்கிரம் நகர்ந்திருக்கின்றன. பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

கார்த்திகை பிறப்பதற்குள் இது முடிய வேண்டும் என்பது என் கவலை. சபரிமலை காலத்தில் போக்குவரத்தை மாற்றிவிட்டு, போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவர்களைக் குமுளி வழியாகவும் அனுப்புவார்கள். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டி வரும் வெளியூர் ஓட்டுநர்கள் உங்கள் சாலையில் பெருகிவிடுவார்கள். உள்ளூர் பைக்காரருக்கு அந்த முக்கில் பிள்ளைகள் கடப்பார்கள் என்பதாவது தெரியும், இவர்களுக்கு அதுவும் தெரியாது. மனுவுக்கு ரசீது எண் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.